பின்பெஞ்சில் உட்கார்ந்தது போதும்: கல்லூரி வாசகர் கேள்வி – பதில்

புதுவையிலிருந்தும் கடலூரிலிருந்தும் கல்லூரி மாணவ மாணவியர் எழுதிய கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். படிக்கிற காலத்தில் கோவிலில், சபையில் எந்த வேலையை எவ்வளவு செய்வது, அதனால் விசுவாசம் வளருமா என்பதுதான் எல்லாக் கடிதங்களிலும் உள்ள கேள்வி. கத்தோலிக்கரும் எழுதியிருக்கிறார்கள், சீர்திருத்தச் சபையினரும் எழுதியிருக்கிறார்கள். அவரவர் வழக்கப்படியே பதில் தருகிறோம்.

கள்ளக்குறிச்சி பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து காலாப்பட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். ஞாயிறுதோறும் பூசைக்குப் போகிறேன். பின்னால் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறேன். ஏதாவது செய்ய ஆசை. யாரைக் கேட்பது?
– முதலாண்டு முதுகலை மாணவி, காலாப்பட்டு

முதலில் எந்தக் கோவில் என்று முடிவு செய்யுங்கள் தங்கச்சி. மிஷன் வீதியில் சம்பா கோவில், ரயில் நிலையத்துக்கு அருகே திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா என்று மாற்றி மாற்றிப் போனால் எங்குமே உங்களை யாருக்கும் தெரியாது. பெரிய கோவில்களில் கூட்டத்தோடு கூட்டமாக வந்து போவது சுலபம். காலாப்பட்டிலிருந்து ஊருக்குள் வரப் பேருந்தில் அரை மணிக்குக் குறையாது. மாலையில் ஒத்திகை, கூட்டம் என்றால் விடுதிக் கதவு அடைக்கும் நேரமும் இடிக்கும். அதனால் விடுதிக்குப் பக்கத்தில் உள்ள சிறிய பங்குக் கோவிலே பணி செய்ய நல்லது. அங்கே ஆள் பற்றாக்குறையும் அதிகம்.

நான்கு ஞாயிறு அதே பூசைக்குப் போய், ஏறத்தாழ அதே இடத்தில் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் தாமாகவே பேச ஆரம்பிப்பார்கள். அதன் பிறகு பங்குத்தந்தையைப் பாருங்கள். பூசை முடிந்த கையோடு வாசலில் பிடித்தால், மந்திரிக்க வந்தவர், திருமணத் தேதி கேட்பவர் என்று பத்துப் பேர் நிற்பார்கள், உங்கள் பேச்சு அவர் மனதில் நிற்காது. வாரநாளில் மாலைப் பூசைக்குப் போய், முடிந்து கால் மணி கழித்துப் பேசுங்கள். ஊர்ப் பங்குத்தந்தையிடம் ஒரு கடிதம் வாங்கி வந்திருந்தால் கொடுங்கள். பெயர், ஊர், உறுதிபூசுதல் பெற்றவரா, அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற நான்கு வரி போதும்.

'எனக்குப் பாட வரும்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'எந்த வேலைக்கு ஆள் இல்லை?' என்று கேளுங்கள். பாட்டுப் புத்தகம் அடுக்குவது, வயதானவர்களைக் கைபிடித்துப் படியேற்றுவது, திரையில் பாடல் வரி போடுவது என்று ஏதாவது கிடைக்கும். அதை ஒரு பருவம் முழுக்கத் தவறாமல் செய்யுங்கள். சொன்ன நேரத்துக்கு வருபவர் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் மற்றப் பொறுப்புகள் தேடி வரும்.

பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, வாலிபர் ஐக்கியச் செயலர், நேரலை எல்லாம் நான்தான் பார்க்கிறேன். போன பருவத்தில் இரண்டு அரியர். வீட்டில் கோபம். ஊழியத்தை விட்டுவிடலாமா?
– இரண்டாம் ஆண்டு பொறியியல் மாணவர், பிள்ளைச்சாவடி

ஊழியத்தை விட வேண்டாம் தம்பி. நான்கில் மூன்றை விடுங்கள்.

'முடியும்' என்று ஒருவர் சொன்னால் சபையில் எல்லா வேலையும் அவர் தலையில் ஏறும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, பழக்கமாகிவிடுகிறது. காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரித்த மோசேயைப் பார்த்து மாமனார் எத்திரோ சொன்னது 'நீர் செய்கிற காரியம் நல்லதல்ல' (யாத்திராகமம் 18:17). அந்த வேலை கெட்ட வேலை இல்லை, ஒருவரே செய்வதுதான் தவறு.

இன்று இரவே ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். போய்வரும் நேரம், ஒத்திகை, வாட்ஸ்ஆப் குழுவில் பதில் போடும் நேரம் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? ஞாயிறு ஆராதனையில் உட்காரும் நேரத்தைச் சேர்க்காமல் 6 மணி நேரத்துக்கு மேல் போனால் பருவத் தேர்வு தாங்காது. உங்களுடையது இருபதைத் தாண்டும் என்றே தோன்றுகிறது. உங்களைத் தவிர இன்னும் மூன்று பேர் செய்யக்கூடிய வேலைகளை முதலில் கழியுங்கள்.

கழிக்கும் விதம் முக்கியம். திடீரென்று வராமல் நின்றால் ஞாயிற்றுக்கிழமை காலை நேரலை நிற்கும், பழி உங்கள் மேல் வரும், குற்ற உணர்வில் மறுபடி போய் ஒட்டிக்கொள்வீர்கள். போதகரிடம் ஒரு மாதம் முன்னதாக நேரில் சொல்லுங்கள். அந்த மாதத்தில் இன்னொருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். முதல் இரண்டு ஞாயிறு நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும், அடுத்த இரண்டில் அவர் செய்ய நீங்கள் பாருங்கள். உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு ஒரு வாரம், பருவத் தேர்வுக்கு மூன்று வாரம் எந்தப் பொறுப்பும் இல்லை என்பதைக் கல்லூரி நாட்காட்டி வந்த அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பெற்றோர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் கட்டிய கட்டணத்துக்கு ஒழுங்காகப் படிப்பதும் தேவனுக்கு முன்பாகச் செய்கிற ஊழியம்தான். அரியரை முடித்துக் காட்டுங்கள்.

ஆங்கில வழியில் படித்தவள். திருப்பலியில் இரண்டாம் வாசகம் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் தடுமாறுகிறேன், கை நடுங்குகிறது.
– கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

இது பயிற்சியால் சரியாகிவிடும். ஆனால் ஞாயிறு காலை திருப்பீட அறையில் நின்றுகொண்டு முதல்முறையாகப் பார்த்தால் யாருக்கும் சரியாக வராது. திங்கள் அன்றே வாசகத்தை எடுங்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருவதால் எந்த ஞாயிறுக்கு எது என்று முன்பே தெரியும்.

திங்களன்று அந்த அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். வாசகம் நடுவிலிருந்து தொடங்கும், பவுல் யாரிடம் எதற்காகப் பேசுகிறார் என்று உங்களுக்கே பிடிபடாவிட்டால் கேட்பவர்களுக்கு எப்படிப் பிடிபடும்? செவ்வாய், புதனில் பென்சிலால் மூச்சு விடும் இடத்தைக் கோடிடுங்கள். திருமுகங்களில், அதாவது திருத்தூதர்கள் எழுதிய கடிதங்களில், வாக்கியம் நீளம், வினைச்சொல் கடைசியில்தான் வரும். நடுவில் தப்பான இடத்தில் நிறுத்தினால் பொருளே மாறிவிடும். எழுவாய் முடிந்ததும் சின்ன நிறுத்தம், வினைக்கு முன் நிறுத்தாமல் ஒரே மூச்சு என்று பழகுங்கள். வியாழன், வெள்ளியில் கைபேசியில் பதிவு செய்து, வேறு அறையில் வைத்து ஓடவிட்டுக் கேளுங்கள். தெளிவில்லாத சொல் தானாகத் தெரியும். பெரும்பாலும் அது ழகரமாக இருக்கும். 'பழி' என்பது 'பலி' என்று விழுந்தால் பீடத்தருகே நிற்கும்போது பொருள் தலைகீழாகப் போகிறது. பெந்தக்கோஸ்து ஞாயிறில் வரும் மெசப்பொத்தாமியா, கப்பதோக்கியா, பம்பிலியா போன்ற பெயர்களை அசை பிரித்து எழுதிப் பத்து முறை சொல்லுங்கள். தப்பாகச் சொன்னாலும் தயங்காமல் சொல்லிப் போய்விடுங்கள். தயக்கம்தான் கவனத்தைக் கலைக்கும்.

அன்று கால் மணி முன்னதாகப் போய் வாசக நூலில் பக்கம் சரியா என்று பாருங்கள். நாடா தவறான பக்கத்தில் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. சிவப்பில் அச்சிட்டவை குறிப்புகள். 'இரண்டாம் வாசகம்' என்பதையும் மேலே உள்ள ஒருவரிச் சுருக்கத்தையும் வாசிக்கக் கூடாது. 'திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்திலிருந்து வாசகம்' என்று தொடங்கி ஒரு மூச்சு நிறுத்துங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாடிக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். நேராக வைத்தால் ப, பா எழுத்துகள் வெடிக்கும். கடைசி வரி முடிந்து மூன்று எண்ணும் அளவு அமைதி விட்டு, பிறகு 'ஆண்டவரின் அருள்வாக்கு' சொல்லுங்கள். கை நடுங்கினால் வாசக மேடையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரியாது.

ஆறு நாள் ஒரே பகுதியோடு இருந்தால் அது உங்களுக்குள் இறங்கிவிடும். வாசகர் பணி விசுவாசத்தை வளர்ப்பது இந்தத் தயாரிப்பில்தான். மேடையில் நிற்கும் இரண்டு நிமிடத்தில் அது நடப்பதில்லை.

கோவிலில் மைக் 'கீ' என்று ஊளையிடுகிறது. ஒலி பார்ப்பவன் நான்தான். பெரியவர்கள் திரும்பி முறைக்கிறார்கள்.
– டிப்ளமோ மாணவர், திருப்பாதிரிப்புலியூர்

ஸ்பீக்கரில் வருகிற சத்தம் திரும்ப மைக்கில் ஏறிச் சுற்றுவதால் வருவது அது. ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் எத்தனை குமிழைத் திருப்பினாலும் தீராது. பேசாதபோது திறந்திருக்கும் மைக்குகளை மூடுங்கள். ஐந்து மைக் திறந்திருப்பதே பாதிக் காரணம். பேசுபவரை மைக்குக்கு அருகே வரச் சொல்லி ஒலியைக் குறையுங்கள். போடும்போது மிக்சர் முதலில், ஆம்ப்ளிபயர் கடைசியில். நிறுத்தும்போது ஆம்ப்ளிபயர் முதலில். மாற்றிச் செய்தால் 'டப்' என்ற அடியில் ஸ்பீக்கர் போகும்.

கடலோர ஊர் என்பதால் உப்புக்காற்றில் கேபிள் முனைகள் பச்சை பூக்கும், கரகரப்பு அதனால்தான். மாதம் ஒருமுறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். கம்பியில்லா மைக்கில் பேட்டரியை வாரநாட்களில் விட்டுவைக்காதீர்கள்.

ஞாயிறு பள்ளியில் 30 பிள்ளைகள். 4 வயதும் உண்டு, 14 வயதும் உண்டு. ஒரே கூடம். நாங்கள் மூன்று பேர்தான். சமாளிக்க முடியவில்லை.
– லுத்தரன் சபை வாலிபப் பெண்கள், கடலூர்

மூன்றாகப் பிரிக்க ஆசை வரும். பிரித்தால் ஒவ்வொரு குழுவிலும் ஒரே ஆசிரியைதான் இருப்பார், அது கூடாது. ஒரு குழந்தை கழிவறைக்குப் போக வேண்டும் என்றால் மற்றவர்களை யார் பார்ப்பது? கண்பார்வைக்குள் கூடத்தின் இரண்டு மூலையில் இரண்டு குழு வையுங்கள்: 8 வயது வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. மூன்றாமவர் இரண்டுக்கும் நடுவில். இன்னும் ஒரு தாயாரை மாதம் ஒருவராக முறை வைத்து அழையுங்கள்.

45 நிமிடத்தில் பாட்டும் செய்கையும் 8, கதை 12, மனப்பாட வசனம் 10, கைவேலை 10, மீதி ஜெபம். கதையைப் புத்தகம் பார்த்து வாசித்தால் மூன்றாம் நிமிடத்தில் கூட்டம் கலையும். வீட்டில் நான்கு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். சின்னவர்களுக்கு வசனம் எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். கரும்பலகையில் எழுதி எல்லாரும் சொன்னதும் ஒரு சொல்லை அழியுங்கள், மறுபடி சொல்லட்டும், இன்னொன்றை அழியுங்கள். பலகை காலியாகும்போது மனதில் இருக்கும். 30 பேருக்கு ஏ4 தாள் 15 போதும், இரண்டாக வெட்டினால் சரி. கிரேயான் நான்கு பேருக்கு ஒரு பெட்டி. ஆளுக்கொரு பெட்டி கொடுத்தால் அடுத்த வாரம் பாதி காணாமல் போகும்.

சரியான பதிலுக்குச் சாக்லேட் தருவதை நிறுத்துங்கள். வாங்குகிற நான்கு பேரே எப்போதும் வாங்குவார்கள், கூச்சப்படும் பிள்ளை வாயைத் திறக்காது. 'சாமி கண்ணைக் குத்தும்' என்று மிரட்டுவதையும் நிறுத்துங்கள். தேவனைப் பற்றி அந்தப் பிள்ளை கேட்கும் முதல் செய்தி அதுவாகிவிடும்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கக் கூடாது. பெற்றோர் அனுமதியின்றிப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடக் கூடாது. யாரோ தொட்டதாக ஒரு பிள்ளை சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாமல் கேளுங்கள், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குத் தராதீர்கள். சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவைத்து, அன்றே குழந்தைகள் உதவி எண் 1098க்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிவிப்பது கட்டாயம். சபையின் பெயர் கெடும் என்று மூடி மறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

வேலை செய்யச் செய்ய ஜெபம் குறைகிறது. ஆராதனையில் நின்றுகொண்டே அடுத்த பாட்டு என்ன என்று யோசிக்கிறேன். உள்ளே வறண்டு போய்விட்டது. பக்தி இல்லாமல் செய்வது போலித்தனமா?
– மருத்துவ மாணவர், கோரிமேடு

போலித்தனம் இல்லை தம்பி. போலியாக இருப்பவர் இப்படி ஒரு கடிதமே எழுத மாட்டார். ஆனால் இதை இப்படியே விட்டுவிடக் கூடாது.

மாற்கு முதல் அதிகாரத்தை ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். மாலையில் பட்டணத்தார் எல்லாரும் வாசலில் கூடுகிறார்கள், பலர் சுகமாகிறார்கள். மறுநாள் இருட்டோடே எழுந்து இயேசு தனியிடம் போய் ஜெபிக்கிறார். சீமோன் தேடி வந்து 'உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்' என்கிறான். அவர் திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். எல்லாரும் தேடுகிறார்கள் என்பதற்காகவே அவர் போய் நிற்கவில்லை. எங்கே போக வேண்டும் என்பது அந்த இருட்டு ஜெபத்தில் தெளிவாகியிருந்தது. உங்களிடம் இப்போது இல்லாதது அந்த நேரம்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு எந்தப் பொறுப்பும் இல்லாமல் சபையோடு உட்காருங்கள். கீபோர்டு இல்லை, பட்டியல் இல்லை, கைபேசி விடுதியில். முதல் தடவை பாட்டின் சுருதி தப்பும்போதெல்லாம் கை துடிக்கும், பரவாயில்லை. குழுவில் எல்லாருக்கும் இந்த முறையை வையுங்கள். நான்கு பேர் இருந்தால் வாரம் ஒருவர்.

தினமும் 15 நிமிடம், ஒரே இடம், ஒரே நேரம். இரவுப் பணி இருக்கும் படிப்பு என்றால் விழித்தவுடன் என்று வையுங்கள், மணி எதுவானாலும். மாற்கு 16 அதிகாரம்தான், நாளுக்கு ஒன்று. பாட்டுத் தேர்வுக்காகவோ பிள்ளைகளுக்குச் சொல்லவோ வாசிப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது தயாரிப்பு. இது உங்களுக்கு.

மாதம் ஒருமுறை உங்களைவிட மூத்த ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவர் உங்கள் பணிக் குழுவில் இல்லாதவராக இருந்தால் நல்லது. குழுவில் இருந்தால் பேச்சு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குப் போய்விடும். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் நாவன்மையுள்ள அப்பொல்லோவைத் தனியே அழைத்துச் சென்று விளக்கியது நினைவிருக்கிறதா (அப்போஸ்தலர் 18:26)? திறமை உள்ள இளைஞருக்கு அது அவசியம். பாராட்டுபவர்கள் நிறைய, திருத்துபவர் அரிது.

வளர்கிறோமா என்று பார்க்க ஒரு சோதனை சொல்கிறோம். உங்கள் இடத்தில் இன்னொருவர் வாசித்து, சபை அவரைப் பாராட்டும்போது உங்கள் மனம் எப்படி இருக்கிறது?

எங்கள் கல்லூரி நண்பர்கள் பத்துப் பேர் வெள்ளம் வந்தால் உதவ வேண்டும் என்று நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– கலைக் கல்லூரி மாணவர்கள், மஞ்சக்குப்பம்

இப்போதே தொடங்குங்கள், மழைக்கு முன். 1833 ஏப்ரல் 23 அன்று பாரிசில் வின்சென்ட் தே பவுல் சபை உருவானபோது அதைத் தொடங்கிய பிரடெரிக் ஓசானாமுக்கு அன்றுதான் 20 வயது நிறைந்தது. அவர் சட்ட மாணவர். 'உங்கள் திருச்சபை இன்று ஏழைக்கு என்ன செய்கிறது?' என்று சக மாணவர்கள் கேட்டதற்கு அவரும் நண்பர்களும் செயலில் பதில் சொன்னார்கள். ஏழைகள் மத்தியில் பல ஆண்டு வேலை செய்த ரொசாலி ரெண்டு என்ற அருட்சகோதரியிடம் போய், எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொண்டார்கள். நீங்களும் அப்படி ஒருவரைத் தேடுங்கள். அன்பியத்தின் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) பொறுப்பாளரோ ஊர் செவிலியரோ போதும்.

இப்போது வாரம் ஒரு மாலை, இருவர் இருவராக, நான்கு வீடு. தனியாக வாழும் முதியவர், படுக்கையில் இருப்பவர், கைக்குழந்தை உள்ள வீடு எது என்ற பட்டியல் உங்கள் கையில் இருந்தால் வெள்ளத்தன்று யாரை முதலில் வெளியேற்றுவது என்று தெரியும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மழை விட்ட பிறகுதான் சாத்தனூர் அணைத் தண்ணீரில் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர் பகுதியில் வீடுகள் மூழ்கின. ஆகவே மழை நின்றதும் கலைந்து போகாதீர்கள்.

முதல் இரண்டு நாள் அரிசி மூட்டை உதவாது, அடுப்பே நனைந்திருக்கும். சமைத்த சாப்பாடு, குடிநீர், மெழுகுவர்த்தி, சானிட்டரி நாப்கின், உலர்ந்த துணி. மூன்றாம் நாளிலிருந்து மளிகை: நான்கு பேர் குடும்பத்துக்கு ஐந்து நாளைக்கு அரிசி 7 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், உப்பு, தூள், சோப்பு, கொசுவத்தி. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரை. தேங்கிய தண்ணீரில் இறங்குபவர் காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. கம்பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம், பிறகு காய்ச்சல் வந்தால் தண்ணீரில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீடு வீடாக முதல் நாளே டோக்கன் கொடுத்து, மறுநாள் பொருள் கொடுங்கள். லாரியின் பின்னால் நின்று வீசினால் பலசாலிக்குத்தான் கிடைக்கும். தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோல, எந்தச் சாமி கும்பிட்டாலும். பைக்குள் துண்டுப்பிரசுரம் வைக்க வேண்டாம். பசித்தவர் வாங்க மறுக்க முடியாத நேரத்தில் அதைத் திணிப்பது சுவிசேஷத்துக்குக் கௌரவம் இல்லை. பணம் யாருடைய சொந்த ஜிபேயிலும் வாங்காதீர்கள், சபைக் கணக்கின் கியூஆர் மட்டும். ரொக்கம் வந்தால் அன்றிரவே இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு ஒப்படையுங்கள். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் சவாரிக் காணிக்கைக்கும் இதேதான்.

இறுதியாண்டு. ஜூனில் வேலைக்குச் சென்னை போகிறேன். மூன்று ஆண்டு பார்த்த வாலிபர் ஐக்கியத்தை எப்படி விட்டுச் செல்வது?
– மாணவர், கடலூர் முதுநகர்

ஜனவரியிலேயே தொடங்குங்கள், ஏப்ரலில் எல்லாருக்கும் தேர்வு. உங்களுக்கு அடுத்து ஒருவரை நீங்களே நியமிக்காதீர்கள். இரண்டு மூன்று பெயரைப் போதகரிடம் சொல்லுங்கள், அவரும் சபைக் குழுவும் முடிவு செய்யட்டும். பிப்ரவரி, மார்ச் கூட்டங்களைப் புதியவர் நடத்த, நீங்கள் பின்னால் உட்காருங்கள். அவர் உங்களைப் போல் செய்யாவிட்டால் இடைமறிக்காதீர்கள்.

ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள்: உறுப்பினர் பெயர், எண், யார் வீட்டில் நோய், யாருக்கு வேலை இல்லை, கணக்கு இருப்பு, கடன் வாங்கிய நாற்காலி யாருடையது. அலமாரிச் சாவி, மின்னஞ்சல், யூடியூப் கடவுச்சொல் எல்லாம் போதகர் முன்னிலையில் ஒப்படைத்து, மீட்பு எண்ணாக இருக்கும் உங்கள் கைபேசி எண்ணை மாற்றுங்கள். பலர் இதை மறந்து, ஆறு மாதம் கழித்து ஓடிபிக்காகச் சென்னைக்குப் போன் வருகிறது. வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து ஜூலையில் வெளியேறிவிடுங்கள், அங்கே இருந்தால் உங்களிடமே கேட்டுக்கொண்டிருப்பார்கள். சென்னையில் தங்கும் இடம் முடிவானதும், அருகில் எந்தச் சபை என்று முதல் ஞாயிறுக்கு முன்பே விசாரித்து, இங்கே உங்கள் போதகரிடம் சபை மாற்றுக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.